செத்தவர்கள் கேஸ் போடமாட்டார்கள்

சரித்திர நாவல் எழுதும் ஆசை உங்களுக்கு உண்டா? இருந்தால் ஒரு நடை ஆரணிக்குப் போய்விட்டு வாருங்கள். பட்டுப்புடவை எடுக்க இல்லை, ப்ளாட் எடுக்க.

நம்மில் பலருக்கு ஆரணி என்றால் பட்டு. அதை விட்டால் அரிசி. கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போகிறவர்கள் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பத்து மணி நேரம் பாயில் உட்கார்ந்து, நானூறு புடவையைக் கலைத்துப் போட்டு, முதலில் பார்த்த புடவையையே எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். ஊரைப் பார்ப்பதில்லை. அங்கே ஓடுகிற ஆற்றுக்குக் கமண்டல நாகநதி என்று பெயர். இந்தப் பெயர் ஒன்று போதாதா முதல் அத்தியாயத் தலைப்புக்கு?

மிச்சத்தையும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 17-ம் நூற்றாண்டில், சிவாஜியின் அப்பா ஷாஜி தெற்கே படையோடு வந்த காலத்தில், வேதாஜி பாஸ்கர பந்த் என்ற மராட்டிய பிராமணருக்கு ஆரணி ஜாகீராகிறது. அவர் வம்சம் தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஜாகீர்தார்கள். எஸ்.வி. நகரம் என்று இப்போது சுருக்கிவிட்ட சத்திய விஜய நகரத்தில் அவர்கள் அரண்மனை இருக்கிறது. பூசிமலைக்குப்பத்தில் காட்டை ஒட்டி ஒரு கண்ணாடி மாளிகை. ஜாகீர்தார் ஒருவர் வெளிநாட்டுப் பெண்ணுக்காகக் கட்டியது என்று ஊரில் ஒரு பேச்சு. கோட்டையில் 1790-ல் இறந்துபோன கர்னல் கெல்லிக்கு வானத்தைக் குத்துகிற மாதிரி ஒரு நினைவுத் தூண். 1751 டிசம்பர் 3-ம் தேதி, ஆற்காட்டில் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கிய கையோடு ராபர்ட் கிளைவ் இந்த ஊர்ப் பக்கம் வந்து, மராட்டியக் குதிரைப்படையைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பிரெஞ்சுக்காரர்களையும் சந்தா சாஹிப்பின் மகனையும் ஒரே சண்டையில் விரட்டினான். அப்போது அவனுக்கு வயது 26. 1782 ஜூன் 2-ம் தேதி இதே ஆரணியில் ஹைதர் அலியும் ஜெனரல் அயர் கூட்டும் மோதினார்கள்.

பக்கத்தில் செஞ்சி. இந்தப் பக்கம் படவேடு. வேறு என்ன வேண்டும்?

அந்தக் காலத்து ஆரணிக்காரர் ஒருவரை நிறுத்தி, ‘‘ஐயா, உங்க ராஜா யாரு?’’ என்று கேட்டிருந்தால் பாவம், விரல் விட்டு எண்ணியிருப்பார். ஜாகீர்தார் ஒருத்தர். அவருக்கு மேலே ஆற்காட்டு நவாப். அந்த நவாப் பட்டத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். நவாப்புக்கு மேலே ஹைதராபாத் நிஜாம். அதற்கும் மேலே டெல்லி பாதுஷா. இது போதாது என்று புதுச்சேரியில் ஒரு துரை, சென்னையில் ஒரு துரை. எல்லாருடைய எல்லையும் இவர் வீட்டுத் திண்ணையில் வந்து முட்டியது. வரி மட்டும் எல்லாருக்கும் உண்டு.

ஆக, களம் ரெடி. நீங்கள் சேர்க்க வேண்டியது ஒரு வெள்ளைக் குதிரை, ஒரு சுரங்கப் பாதை, கன்னத்தில் மச்சத்தோடு ஒரு வாலிபன். வாரம் ஒரு அத்தியாயம், கடைசியில் ‘தொடரும்’. 1895-ல் திருகோணமலை சரவணமுத்துப் பிள்ளை ‘மோகனாங்கி’ எழுதிய நாளிலிருந்து நமக்கு இது கைவந்த கலைதானே.

பேனாவைத் திறப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள். உங்கள் கதையில் ஒரு வில்லன் வேண்டும். நிஜமாகவே வாழ்ந்து செத்துப்போன ஒருவரைப் பிடித்து, அவர் செய்யாத அயோக்கியத்தனம் ஒன்றை அவர் தலையில் கட்டுகிறீர்கள். கதை சூடுபிடிக்கிறது. சர்க்குலேஷன் ஏறுகிறது. இது தப்பா?

‘இதில் என்ன சார் தப்பு? ஆள்தான் இல்லையே’ என்பீர்கள். சட்டமும் கிட்டத்தட்ட உங்கள் பக்கம்தான். செத்தவரைப் பற்றி அவதூறு எழுதினாலும் குற்றமாகலாம், ஆனால் அவருடைய குடும்பத்தார் மனம் புண்படவேண்டும் என்ற நோக்கம் இருக்க வேண்டும் என்றது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499-வது பிரிவு. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-வது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. நெருங்கிய சொந்தம் உயிரோடு இருக்கும் வரைதான் இதற்குப் பல். 1751-ல் வாழ்ந்தவருக்காக எவன் கோர்ட் படி ஏறப்போகிறான்?

கிரேக்கத்து எபிகூரஸ் இன்னும் ஒரு படி மேலே போனவர். நாம் இருக்கும்போது மரணம் இல்லை, மரணம் வந்தபின் நாம் இல்லை, ஆகவே செத்தவரை எதுவும் தொடாது என்பது அவர் கட்சி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இப்படி யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் உங்கள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, ‘‘அந்த விதவைத் தங்கச்சியைக் கைவிட்டுடாதேடா’’ என்கிறார். சரி என்கிறீர்கள். அவர் போய்விட்டார். பத்தாம் நாள் காரியம் முடிந்ததும், ‘அப்பாதான் இல்லையே, அவருக்கு என்ன தெரியப்போகிறது’ என்று அத்தையை வெளியே அனுப்பிவிடலாமா? அத்தைக்குச் செய்த துரோகத்தைத் தனியாக வைத்துவிடுங்கள். அப்பாவுக்கும் ஏதோ செய்துவிட்டோம் என்று உறுத்துகிறதா இல்லையா? உறுத்துகிறது என்றால், செத்தவர்களுக்கும் நம்மிடம் ஒரு பாக்கி இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறீர்கள். எபிகூரஸுக்கு அப்படி ஒரு அத்தை இல்லை போல.

‘அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தேன், சரி. துய்ப்ளேயின் சம்சாரத்துக்கு நான் என்ன வாக்குக் கொடுத்தேன்?’ நல்ல கேள்வி. அந்த அம்மாளையே எடுத்துக்கொள்வோம்.

மதாம் துய்ப்ளே புதுச்சேரியிலேயே பிறந்தவர். தமிழ் பேசத் தெரிந்தவர். 1742-லிருந்து 1754 வரை அங்கே கவர்னராக இருந்த துய்ப்ளேயின் மனைவி. இவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஆனந்தரங்கப் பிள்ளை எழுதி வைத்தது. பிள்ளை துபாஷ், பெரிய வியாபாரி. லாலாப்பேட்டையிலும் ஆற்காட்டிலும் துணி வியாபாரத்துக்குக் கிடங்கு வைத்தவர். 1736-லிருந்து 1761-ல் கண்ணை மூடும் வரை, கால் நூற்றாண்டு, பார்த்ததையும் கேட்டதையும் தமிழில் எழுதித் தள்ளினார். அந்த நாட்குறிப்பு மட்டும் இல்லாவிட்டால் அந்தக் காலத்துப் புதுச்சேரி நமக்கு வெறும் யுத்தத் தேதிகளாக நின்றுபோயிருக்கும். பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டும் அந்த மண்ணில் முளைத்தவை. இரண்டாவதற்கு 1995-ல் சாகித்ய அகாதமி பரிசு. ராஜா ராணி அல்லாதவர்களும் சரித்திர நாவலில் நடமாடலாம் என்று காட்டியதற்காகவே அவருக்கு இன்னொரு பரிசு கொடுத்திருக்கலாம்.

ஆனால் பாருங்கள், பிள்ளைக்கும் மதாமுக்கும் ஆகவே ஆகாது. 1748-ல் இங்கிலீஷ்காரர்கள் புதுச்சேரியை முற்றுகையிட்ட சமயத்தில் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள். பிள்ளையின் எழுத்தில் அந்த அம்மாள் பேரில் உள்ள ஆத்திரம் கொதிக்கிறது. லஞ்சம், அதிகாரம், மதவெறி என்று பக்கத்துக்குப் பக்கம் புகார். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது ஒரு தரப்பின் வாக்குமூலம். மதாம் தன் பங்குக்குத் தமிழில் ஒரு நாட்குறிப்பு எழுதி, அதை யாராவது பழைய பெட்டியில் கண்டெடுத்திருந்தால், நாம் எந்தப் பக்கம் நின்றிருப்போம்? 1754-ல் புருஷனோடு கப்பல் ஏறி, இரண்டே வருஷத்தில் பாரிஸில் இறந்துபோனார். பதில் சொல்ல வரவில்லை. வரமாட்டார்.

இங்கேதான் எனக்கு ஒன்று தோன்றுகிறது. நிஜப் பெயரைக் கதையில் போடுவது ஒரு கடன். சினிமாவில் ‘இதில் வரும் பெயர்களும் சம்பவங்களும் யாரையும் குறிப்பிடுவன அல்ல’ என்று போடுகிறார்கள். சரித்திர நாவலாசிரியர் நேர் எதிர். குறிப்பிடுகின்றன என்பதுதான் அவருடைய மூலதனமே. ‘ஒரு கவர்னரின் மனைவி’ என்று எழுதினால் நீங்கள் புரட்டிக்கொண்டே போவீர்கள். ‘மதாம் துய்ப்ளே’ என்று எழுதினால் நிமிர்ந்து உட்கார்கிறீர்கள். அந்த நிமிர்ந்து உட்காரல் எழுத்தாளர் சம்பாதித்தது இல்லை. வாழ்ந்து செத்த ஒரு பெண்ணின் பெயரிலிருந்து எடுத்தது. கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவர் வீட்டிலேயே கன்னம் வைக்கலாமா?

கல்கி இந்தச் சிக்கலை எப்படித் தாண்டினார் என்று பாருங்கள். ஆதித்த கரிகாலன் கொலை நிஜம். உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று குற்றவாளிகளின் பெயர் இருக்கிறது. அவர்கள் உறவினர்களின் சொத்தைக்கூடப் பறிமுதல் செய்திருக்கிறார்கள். பின்னணியில் யார் என்பது கல்வெட்டில் இல்லை. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். கல்கி என்ன செய்தார்? நந்தினியைப் படைத்தார். 1950-லிருந்து 54 வரை மூன்றரை வருஷம் தமிழ்நாடே அவளைத் திட்டித் தீர்த்தது, கூடவே அவளை ரசிக்கவும் செய்தது. நிஜத்தில் வாழ்ந்த யார் தலையிலும் நிரூபிக்காத பழியைப் போடவில்லை. இல்லாத ஒருத்தி தலையில் போட்டார். கண்ணியமான ஏற்பாடுதான். என்ன, பழி சுமக்க இல்லாத ஆள் தேவைப்படும்போதெல்லாம் அது அழகான பெண்ணாகவே அமைந்துவிடுகிறது. அது தனிக் கட்டுரைக்கு விஷயம்.

படவேட்டுக்கு வருகிறேன். ஆரணிக்காரர்கள் ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிற அதே ஊர். 14-ம் நூற்றாண்டில் சம்புவராயர்கள் ஆண்ட ஊர். 1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது திருவண்ணாமலை மாவட்டத்துக்கு இவர்கள் பெயரைத்தான் சேர்த்து வைத்தார்கள். பிற்பாடு எல்லா மாவட்டப் பெயரையும் கத்தரித்தபோது சம்புவராயரும் போய்விட்டார். விஜயநகரத்து இளவரசன் குமார கம்பணன் இவர்கள் மேல் படையெடுத்தான். அவன் மனைவி கங்காதேவி சமஸ்கிருதத்தில் ‘மதுரா விஜயம்’ என்று காவியமே எழுதியிருக்கிறாள். அதில் கம்பணன் சம்புவராயரோடு கத்திச் சண்டை போட்டு வெட்டிச் சாய்க்கிறான். ஆனால் அதே படையெடுப்பில் கூடப் போன சாளுவ மங்கு என்ற தளபதிக்கு, ‘சம்புவராயரைத் திரும்ப நிலைநிறுத்தியவர்’ என்று அர்த்தம் வருகிற ஒரு பட்டம் உண்டு. வெட்டிச் சாய்த்தவரை எப்படி நிலைநிறுத்துவது? வாரிசை உட்கார வைத்திருக்கலாம். அல்லது ராஜா சாகவே இல்லாமல், காவியத்தில் மட்டும் செத்திருக்கலாம். புருஷன் ஜெயித்ததைப் பெண்டாட்டி எழுதினால் எதிரி கொஞ்சம் கூடுதலாகத்தான் சாவான்.

இதற்கு எதிர்த்திசையில் நம் தேசிங்குராஜன் கதை. 1714-ல் செஞ்சியில் ஆற்காட்டு நவாப்போடு மோதிச் செத்தவன் ஒரு ராஜபுத்திர வாலிபன். ஆண்டது சில மாதம். ஜெயிக்கவில்லை, ஏரி வெட்டவில்லை, கோயில் கட்டவில்லை. ஆனால் பாட்டுக்காரர்கள் அவனை விடவில்லை. கூடவே செத்த முஸ்லிம் நண்பனையும் விடவில்லை. எதிரியான நவாப்பைக்கூட அசிங்கப்படுத்தவில்லை. உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாக அவன்தான் ராணிப்பேட்டை என்று ஊருக்குப் பெயர் வைத்தான் என்று ஒரு வழக்கு. எவ்வளவு நிஜமோ தெரியாது. ஆனால் கூட்டிச் சொன்னதெல்லாம் யாருக்கோ பெருமை சேர்க்கத்தான். தெருவில் பாடுகிறவனுக்கு இருந்த இந்த மரியாதை பட்டத்து ராணிக்கு இல்லையே என்றிருக்கிறது எனக்கு.

சரி, இது வரைக்கும் எளிது. நிஜப் பெயரைப் போட்டால் பொய்ப் பழி போடாதே. அவ்வளவுதானே? அவ்வளவுதான் என்றால் நான் இந்தப் பக்கத்தை இங்கேயே முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

உலகத்தின் மறுபக்கத்தில் கலிஃபோர்னியா. இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் சாஃப்ட்வேர் வேலைக்குப் போகிற அதே கலிஃபோர்னியா 1821 வரை ஸ்பெயின் நாட்டின் எல்லைப்புறம். 1769-லிருந்து கடலோரமாக வரிசையாக 21 மிஷன்கள் கட்டினார்கள். கோயில், வயல், மாட்டுத் தொழுவம், பட்டறை எல்லாம் சேர்ந்த ஒரு சின்ன ஊர் ஒவ்வொன்றும். உழைத்தது அந்த மண்ணின் பூர்வகுடிகள். ஞானஸ்நானம் வாங்கிவிட்டால் அனுமதி இல்லாமல் வெளியே போக முடியாது. ஓடினால் சிப்பாய்கள் பிடித்து வருவார்கள், கசையடி. நோய் வேறு கொத்துக்கொத்தாக வாரியது. ஸ்பானியர்கள் வரும்போது ஏறக்குறைய மூன்று லட்சமாக இருந்த மக்கள், 1848-ல் அமெரிக்கா அந்த இடத்தை எடுத்துக்கொண்டபோது பாதியாகிவிட்டார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த மிஷன்களில் தறி இருந்தது. கம்பளி நெய்யக் கற்றுக்கொடுத்து, நெய்ய வைத்தார்கள்.

இந்த ஊரைப் பற்றி உலகத்துக்கு என்ன ஞாபகம் இருக்கிறது? முகமூடி போட்ட ஜோரோ! 1919-ல் ஜான்ஸ்டன் மெக்கல்லி என்ற அமெரிக்கர், நம்ம ஊர் மாதிரியே ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக எழுதியது. கறுப்பு அங்கி, கத்தி முனையில் ஒரு எழுத்து, பால்கனியில் சீமாட்டி. கதை பூராவும் பிரபுக்கள். மிஷனில் நெய்தவர்கள் பின்னணியில் வந்து போகிறார்கள், நாடகத்துப் படுதா மாதிரி.

அதைவிட வேதனையானது ‘ரமோனா’ கதை. ஹெலன் ஹன்ட் ஜாக்சன் என்ற பெண்மணி, பூர்வகுடிகளுக்கு அமெரிக்க அரசு செய்த துரோகங்களைத் திரட்டி 1881-ல் ஒரு கனமான புத்தகம் போட்டு, காங்கிரஸ் உறுப்பினர்களுக்கெல்லாம் அனுப்பினார். யாரும் அசைந்து கொடுக்கவில்லை. சரி, கதையாகச் சொன்னால் மனசு இளகும் என்று 1884-ல் ‘ரமோனா’ நாவலை எழுதினார். கொள்ளை கொள்ளையாக விற்றது. படித்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். எதற்கு? பூர்வகுடிகளின் நிலம் பறிபோனதற்கு அழுதவர்களைவிட, அந்தப் பழைய ஸ்பானியக் காலம் என்ன அழகு, என்ன காதல் என்று உருகியவர்கள் அதிகம். ரயில் ஏறி வந்து, கற்பனைக் கதாநாயகி ரமோனா பிறந்த வீடு எது, கல்யாணம் பண்ணிக்கொண்ட இடம் எது என்று தேடினார்கள். ஊர்க்காரர்களும் காட்டினார்கள்! ஒரு ஊருக்கே ரமோனா என்று பெயர். சிரிக்காதீர்கள், நாமும் நந்தினி இருந்த அரண்மனை எங்கே என்று பழுவூரில் கேட்கிற ஆட்கள்தான்.

ஜாக்சன் ஒரு பொய்ப் பழியும் போடவில்லை. மெக்கல்லியும் செத்தவர் யாரையும் கேவலப்படுத்தவில்லை. நான் மேலே சொன்ன விதிப்படி இரண்டு பேருமே பாஸ். ஆனாலும் ஏதோ ஒன்று தப்பாக நடந்துவிட்டது. பொய் சொல்லாமலேயே ஒரு ஜனத்தைக் காணாமல் போகப் பண்ண முடியும்.

ஆரணியில் ஒரு தறிக்காரரிடம் சும்மா பேசிக்கொண்டிருந்தபோது, ‘‘ராஜா ராணிக் கதையெல்லாம் படிப்பீங்களா?’’ என்று கேட்டேன். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டபடி, கை நிற்காமல் பதில் சொன்னார்.

‘‘முன்னல்லாம் விடமாட்டேன் சார். சாண்டில்யன்னா உசுரு. லைப்ரரில சண்டை போட்டு எடுத்தாருவேன்.’’

‘‘இப்போ?’’

‘‘கண்ணு போச்சு. ஜரிகைக்கே பத்தல, எழுத்துக்கு எங்க போறது?’’ கொஞ்ச நேரம் தறிச் சத்தம். அப்புறம் அவராகவே, ‘‘ஒண்ணு பாத்தீங்களா சார், அதுல எளவரசி வேளைக்கு ஒரு பட்டு கட்டிக்கினு வருவா. காலைல ஒரு கலரு, நெலா வெளிச்சத்துக்கு ஒரு கலரு. எங்க வீட்ல ஒரு பொடவைக்கு நானும் சம்சாரமும் பதினஞ்சு நாள் ஒக்காரணும். அந்தம்மா கட்டினதெல்லாம் யாரு நெஞ்சாங்கன்னு ஒரு பக்கத்துலயாவது வரும்னு பாத்தேன்...’’ என்று சிரித்தார். அவருக்கு இது ஒரு தமாஷ்தான். புகார் இல்லை.

எனக்குத்தான் பஸ்ஸில் வரும்போது தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது நான் கட்டி வைத்த விதியை உடைத்துவிட்டது. யோசியுங்கள். ‘ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதமாட்டேன்’ என்று சத்தியம் செய்த நேர்மையான நாவலாசிரியர் ஒருவர் ஆரணியைப் பற்றி எழுதுகிறார். யாருக்கு ஆதாரம் இருக்கிறது? கிளைவுக்கு இருக்கிறது. ஜாகீர்தாருக்கு இருக்கிறது. கர்னல் கெல்லிக்குத் தூணே இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் ஆரணி மஸ்லின் என்றால் அதன் நேர்த்திக்குத் தனிப் பெயர்; அதை நெய்த ஒரு ஆளின் பெயர் தெரியுமா? ஆக, பொய் சொல்லமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர் பெரிய மனிதர்களைப் பற்றி மட்டும்தான் எழுத முடியும். அவருடைய நேர்மையே மற்றவர்களை வாசலோடு நிறுத்திவிடுகிறது. உள்ளே கூப்பிட வேண்டும் என்றால் கற்பனை செய்தே ஆக வேண்டும். அதாவது இட்டுக்கட்ட வேண்டும்.

என் யோசனை இதுதான். யாருக்கு ஏற்கெனவே பேசுவதற்கு வாய் இருக்கிறதோ, கடிதமோ, கல்வெட்டோ, தூணோ இருக்கிறதோ, அவர்கள் விஷயத்தில் நாவலாசிரியர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். யாருக்கு எதுவுமே மிஞ்சவில்லையோ அவர்களுக்காக அவர் தாராளமாகக் கற்பனை செய்யலாம். செய்தே ஆக வேண்டும் என்றுகூடச் சொல்வேன். மதாம் துய்ப்ளே ஒரு பொய்யைச் சுமக்கக்கூடாது. பெயர் தெரியாத தறிக்காரருக்கு ஒரு பெயரை இட்டால் அது பொய்யில் சேராது.

இதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. அந்தத் தறிக்காரருக்கு வாய் கொடுக்கிறோம் பேர்வழி என்று நம்முடைய வசனத்தை அவர் வாயில் திணித்துவிடுகிறோம். 1751-ல் ஒரு நெசவாளி வெள்ளைக்காரனை நிறுத்தி வைத்து 1942-ஆகஸ்ட் மாதிரி பேசுவார். அல்லது அத்தியாயத்துக்கு அத்தியாயம் அழுதுகொண்டே அடி வாங்குவார். இரண்டும் அவரை மதிக்காத காரியம். பிரசன்னன் பார்த்தசாரதி என்ற வரலாற்று ஆசிரியர் 2001-ல் வெளியிட்ட ஆய்வு தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றியது. 18-ம் நூற்றாண்டில் நம் நெசவாளிகள் அப்படி ஒன்றும் வாயில்லாப் பூச்சிகளாக இல்லை என்கிறார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ‘உன் ஒப்பந்தம் வேண்டாம் போ’ என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது. ரொம்பத் தொந்தரவு கொடுத்தால் தெருவோடு கிளம்பி வேறு ராஜா ஊருக்குப் போய்விடுவார்கள். ராஜாக்கள் அவர்களைத் தாஜா செய்து வரவழைத்தார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்து நெசவாளியைவிட இவர்கள் கை ஓங்கியே இருந்தது என்பது அவர் வாதம். கம்பெனி கையில் அதிகாரம் வந்த பிறகுதான் அந்தக் கதவு ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டது. இது தெரியாமல் எழுதினால் நம் கற்பனை நெசவாளி அழுமூஞ்சியாகத்தான் வருவார். ஆக, கற்பனைக்கும் ஹோம்வொர்க் உண்டு. ஆதாரமே இல்லாதவர்களுக்கு அது இரண்டு பங்கு.

கலிஃபோர்னியாவில் இதற்கும் ஒரு உதாரணம் வைத்திருக்கிறார்கள். 1785-ல் சான் கேப்ரியல் மிஷனுக்கு எதிராக ஒரு கலகம். அதில் டோய்புரினா என்ற பூர்வகுடிப் பெண்ணும் பிடிபட்டாள். விசாரணையில் அவள் பாதிரிமார்களையும் சிப்பாய்களையும் பார்த்து வீராவேசமாக முழங்கினாள் என்று ரொம்ப நாள் எல்லாரும் எழுதி வந்தார்கள். 2003-ல் ஸ்டீவன் ஹேக்கல் என்ற வரலாற்றாசிரியர் விசாரணை ஆவணத்தைத் திரும்ப எடுத்துப் படித்து, 1958-ல் ஒருவர் எழுதிய கட்டுரையில் இந்த வீரவசனமெல்லாம் ஊதிப் பெருக்கப்பட்டது என்று காட்டினார். நல்ல எண்ணத்தில் ஊதியதாகவே இருக்கட்டும். 2005-ல் இசபெல் அயெண்டே ஜோரோ கதையைத் திரும்ப எழுதியபோது ஜோரோவின் அம்மாவையே ஒரு பூர்வகுடி வீராங்கனை ஆக்கினார். அவளுக்கு வைத்த பெயர் டோய்புர்னியா. ஒரு எழுத்து மாற்றம்! நிஜப் பெயரிலிருந்து கடன் வாங்க வேண்டும், ஆனால் நிஜப் பெண்ணின் மேல் கை வைக்கக்கூடாது என்று அந்த ஒரு எழுத்தில் வேலி போட்டிருக்கிறார் என்றே நான் நினைக்கிறேன். நிஜ டோய்புரினாவோ நாடு கடத்தப்பட்டு, ஞானஸ்நானம் வாங்கி, ஒரு ஸ்பானியச் சிப்பாயைக் கல்யாணம் செய்துகொண்டு, 1799-ல் செத்துப்போனாள். ஏன் அப்படிச் செய்தாள்? எந்த வீரவசனத்திலும் அடங்காத கேள்வி இது.

நம் பக்கத்துப் பழைய ஆட்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தேவலை. இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பக்கம், வயல்வெளியில் நடுகற்கள் நிறைய. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த சாதாரண ஊர்க்காரர்களின் பெயர் அவற்றில் இருக்கிறது. எடுத்தனூரில் ஒரு கல். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் பழசு, மகேந்திரவர்மன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் நிற்கிறான், பக்கத்தில் அவனுடைய நாய். நாயின் பெயர் கோவிவன். கள்வரை எதிர்த்துக் காவல் நின்றது என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். ‘சிவகாமியின் சபதம்’ படித்து நாம் உருகுகிற அதே மகேந்திர பல்லவனின் ராஜ்யத்தில் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும்.

ஆகவே நாவல் எழுதப்போகும் நண்பரே, நீங்கள் கிளைவை வைத்துத் தாராளமாகத் தொடங்குங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் டிசம்பர் 3-ம் தேதி காலையை மட்டும் ஒரு தடவை தெருவில் நின்று பாருங்கள். நெசவாளர் தெருவில் பாவு போடுவதை இன்றைக்கும் விடியற்காலையில் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்கு முன், தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பத்துப் பேர் இரண்டு பக்கமும் நின்று இழை இழையாகப் பிரிப்பார்கள். நடுவில் ஒரு சைக்கிள் வந்தாலே கத்துவார்கள். மழை மாதம் வேறு. மூன்று நாள் காத்திருந்து அன்றைக்குத்தான் வானம் விட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாவு கட்டியாகிவிட்டது. கஞ்சி ஈரம் காயவில்லை. ஆற்றுப் பக்கமிருந்து குதிரைகளின் சத்தம் கேட்கிறது. நவாப்பின் குதிரையா, மராட்டியக் குதிரையா என்று தெரியாது.

அந்தப் பத்துப் பேருக்கும் பெயர் வைத்துவிட்டு எனக்குச் சொல்லி அனுப்புங்கள். புத்தகத்தை முழு விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.